நான்கு நாள் அவல்

பழுப்பு உறையைத் தலைகீழாகப் பிடித்து உதறினான் கம்பெனியிலிருந்து வந்த பாஸ்கர். மேசைமேல் முதலில் மூக்குக்கண்ணாடிக் கூடு விழுந்தது. பிறகு ஒரு பேனா, ஒரு சீப்பு, பாதி தீர்ந்த தைல டப்பா, நாலாக மடித்த வழவழப்பான ஒரு தாள், கடைசியில் ஒரு புகைப்படம். பாஸ்போர்ட்டை மட்டும் அவன் தனியாகச் சட்டைப்பையில் வைத்திருந்தான். அதை எடுத்து நாகலிங்கத்திடம் நீட்டினான்.

“ஸ்டோர் டிராயர்ல இருந்தது இவ்வளவுதான் சார். பாஸ்போர்ட் ஆபீஸ் லாக்கர்ல இருந்துச்சு. கான்சுலேட்ல கேன்சல் பண்ணிக் கொடுப்பாங்க. அந்தப் பேப்பரக் காட்டினாத்தான் ஆஸ்பத்திரியில பாடியத் தருவாங்க. பன்னெண்டு மணிக்குள்ள போயிடணும். நாளைக்கு வெள்ளிக்கிழமை, எல்லாம் லீவு.”

பாடி என்ற சொல்லைச் சொன்ன பிறகு அவன் ஷியாமளாவைப் பார்த்தான். அவள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். நேற்று நண்பகல் வரை அந்தச் சொல்லுக்கு அம்மையப்பன் என்று பெயர் இருந்தது. கட்டடக் கம்பெனியின் ஸ்டோரில், குழாய் இணைப்புகளை எண்ணிக்கொண்டிருந்த அவள் கணவர் அலமாரியைப் பிடித்தபடியே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நாற்பத்தோரு வயது. மாரடைப்பு என்று ஆங்கிலத்திலும் அரபியிலும் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

நாகலிங்கம் அவருடைய அண்ணன். ருவைஸில் புதிதாக எழும்பும் எண்ணெய் ஆலையில் ஃபோர்மேன். செய்தி கிடைத்து, சிமென்ட் லாரியில் அபுதாபி வரையும் அங்கிருந்து துபாய்க்கு டாக்ஸியிலுமாக வந்து காலை ஏழு மணிக்குப் படியேறினார். இன்னும் முகம்கூடக் கழுவவில்லை. நெற்றியில் ஹெல்மெட் அழுத்திய கோடு அப்படியே இருந்தது. தம்பியைவிடப் பத்து வயது மூத்தவர். அப்பா இறந்தபோது அம்மையப்பன் ஐந்தாம் வகுப்பு. படிக்க வைத்தது, வேலை வாங்கிக் கொடுத்தது, பெண் பார்த்தது எல்லாம் நாகலிங்கம்தான்.

அவர் பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். எந்தெந்த நாடுகளுக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்திருந்த பக்கத்தில் விரல் நின்றது. வளைகுடா நாடுகளின் பெயர்களுக்குக் கீழே, வேறு மையில், வேறு கையெழுத்தில் கிரீஸ் என்று இருந்தது. இன்னும் இரண்டு பக்கம் தள்ளினார். படிக்க முடியாத எழுத்துகளில் ஒரு முத்திரை. தேதி மட்டும் படிக்க முடிந்தது.

“போன வருஷம் ஏப்ரல்” என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

பிறகு புகைப்படத்தை எடுத்தார். அகலமான கல்படிகளில் ஷியாமளா நின்றுகொண்டிருந்தாள். புடவைக்கு மேல் இரவல் ஸ்வெட்டர். கையில் பிளாஸ்டிக் பை. காற்றில் தலை கலைந்திருந்தது. கேமராவைப் பார்த்து வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

“நல்லாத்தான் சிரிச்சிட்டு நிக்கே.”

பாஸ்கர் மேசைமேல் கிடந்த பேனாவை எடுத்துச் சீப்புக்கு நேராக வைத்தான். எதிர்வீட்டு ரஹீமா பீவி தேநீர்த் தட்டோடு சமையலறை வாசலில் அப்படியே நின்றாள். அந்த ஸ்வெட்டர் அவளுடையது.

“எனக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுதுன்னு நினைக்காதே ஷியாமளா” என்றார் நாகலிங்கம். குரல் உயரவில்லை. “அவனே எனக்கு எழுதிட்டான். நான்தான் அம்மைகிட்டச் சொல்லாம வச்சிருந்தேன். ‘ஷியாமளா ரொம்ப நாளா ஆசைப்பட்டுக்கிட்டு இருந்தா, என்னால மறுக்க முடியல’ன்னு எழுதியிருந்தான்.”

ஷியாமளா நிமிர்ந்தாள். நேற்றிலிருந்து அழுது வீங்கிய கண்கள். அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் பொய் சொல்லுகிறவர் இல்லை. அவர் சொல்லிக்கொண்டே போனார். அந்த ஏப்ரலில்தான் அம்மாவுக்குப் பாளையங்கோட்டையில் கண் ஆபரேஷன் நடந்தது. எட்டு நாள் கட்டுப் போட்ட கண்ணோடு கிடந்தாள். யார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாலும் கையைத் தடவிப் பார்த்து, சின்னவனா என்று கேட்டாள். கம்பெனியில் லீவு தரவில்லை என்று அவளுக்குக் கடிதம் போயிருந்தது. லீவு இருந்திருக்கிறது. டிக்கெட்டும் இருந்திருக்கிறது. இதையெல்லாம் அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். கடைசியில் பாஸ்கர் பக்கம் திரும்பி, வெளியாளுக்கு விளக்குவதுபோல, “பொம்பளை ஆசைப்பட்டுட்டா ஆம்பளை என்ன தம்பி செய்வான்” என்றார்.

பாஸ்கர் தலையை ஆட்டினானா, வெறுமனே குனிந்தானா என்று தெரியவில்லை. ஷியாமளாவுக்கு அது ஆட்டியதாகத்தான் பட்டது.

ஒரு மாதத்துக்குள் அவள் இந்த ஊரைவிட்டுப் போயாக வேண்டும். அவளுடைய விசா அவருடைய வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை இல்லை. அவளுடைய அப்பா அம்மா இல்லை. போவதென்றால் மாமியாரின் வீடுதான். அந்த வீட்டில் எஞ்சிய நாளெல்லாம், கண் தெரியாமல் கிடந்தவளிடமிருந்து மகனைப் பிரித்து ஊர் சுற்றக் கூட்டிக்கொண்டு போனவள் என்று இருக்க வேண்டும். யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். சாப்பாட்டுத் தட்டை வைக்கும் விதத்தில் சொல்வார்கள்.

“அம்மைகிட்ட மறைச்சது போதும்னு நினைக்கேன்” என்றார் நாகலிங்கம். “கேட்டுக்கிட்டே இருக்கா. இனியும் பொய் சொல்ல எனக்கு முடியாது.”

துக்கத்தின் நடுவே இப்படிக் கோபம் வரும் என்று ஷியாமளாவுக்குத் தெரியாது. அது அண்ணன்மேல் வந்த கோபமில்லை. ஆஸ்பத்திரியின் குளிர்பெட்டியில் படுத்திருப்பவர்மேல் வந்த கோபம்.

மேசைமேல் கிடந்த அந்த வழவழப்பான தாளை அவள் பார்த்தாள். பிரிக்க வேண்டியதில்லை. கப்பல் சாமான் கம்பெனி ஒன்று அனுப்பிய காலண்டரின் ஒரு மாதம் அது. மலையுச்சியில் கூரையில்லாத ஒரு கோயில், வரிசையாகத் தூண்கள். ஸ்டோரில் அவர் நாற்காலிக்கு எதிரே அது மூன்று வருடம் தொங்கியது. வருடம் முடிந்து எல்லோரும் காலண்டரை மாற்றிய பிறகும் அவர் அந்த ஒரு தாளை மாற்றவில்லை. ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது, அந்த ஊருக்கு இங்கிருந்து விமானத்தில் ஐந்து மணி நேரம்தானாம் என்றார். அவள் மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். யாருக்கு என்று கேட்டாள். சும்மா சொன்னேன் என்றார்.

சும்மா சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கம்பெனி கொடுக்கும் ஊர் டிக்கெட்டை, கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் ஏதென்ஸுக்கு மாற்றித் தர ஒரு டிராவல்ஸ்காரர் ஒப்புக்கொண்டிருந்தார். அவள் வேண்டாம் என்றாள். அத்தைக்குக் கண் ஆபரேஷன், ஊருக்குத்தான் போகவேண்டும் என்றாள். மூன்று மாதம் சொன்னாள். அவர் சண்டை போடவில்லை. சாப்பிடும்போது பேசாமல் இருந்தார். தூங்காமல் கிடந்தார். ஒருநாள் விடியும் முன்னால், “ஒரு தடவை. ஒரே ஒரு தடவை, நமக்குன்னு” என்றார். அந்த ‘நமக்கு’ என்ற சொல்லுக்குத்தான் அவள் சம்மதித்தாள்.

அவள் எழுந்தாள். கால் மரத்திருந்தது. படுக்கையறைக்குள் போய்க் கட்டிலுக்குக் கீழிருந்த பெட்டியை இழுத்தாள். ரஹீமா பீவி பின்னாலேயே வந்து மெல்ல, “இப்ப வேணாமே தங்கச்சி. மய்யத்து எடுக்கப் போற நேரம்” என்றாள். ஷியாமளா பெட்டியைத் திறந்தாள். புடவைகளுக்கு அடியில், ஸ்டோரில் பயன்படுத்தும் நீள நோட்டு ஒன்று இருந்தது. அதைக் கொண்டுவந்து நாகலிங்கத்தின் மடியில் வைத்தாள்.

“வாசிங்க அத்தான்.”

அவர் கண்ணாடியைத் தேடினார். மேசைமேல் இருந்த தம்பியின் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். நோட்டு அம்மையப்பனின் சிறிய, சாய்ந்த எழுத்தால் நிரம்பியிருந்தது. ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில் மலிவான விடுதி, வாசலில் நீல விளக்கு. பஸ் வேண்டாம், எல்லாம் நடை தூரம். மலைக்கு ஞாயிற்றுக்கிழமை போகவேண்டும், அன்று நுழைவுக் கட்டணம் கிடையாது. சாப்பாடு: அவல். அடுப்பு தேவையில்லை, தண்ணீர் பட்டால் போதும். தயிர் அங்கே நன்றாக இருக்குமாம், கப்பல்காரர் சொன்னார். உப்பும் ஊறுகாயும் இங்கிருந்து. ரஹீமா அக்காவிடம் ஸ்வெட்டர் கேட்கவேண்டும். ஸ்டோருக்குச் சாமான் வரவழைப்பதற்கு எழுதும் அதே முறையில், வரிசை எண் போட்டு, முடிந்தவற்றுக்குப் பக்கத்தில் சிறு குறியும் போட்டிருந்தார்.

ஷியாமளா குனிந்து பக்கங்களைத் திருப்பினாள். ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

நாகலிங்கம் பார்த்தார். உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

“சத்தமா வாசிங்க.”

“ஷியாமளா…”

“சொன்னப்போ சத்தமாத்தான சொன்னீக. இந்தத் தம்பி கேட்டுச்சு. அக்கா கேட்டாக. இதையும் கேக்கட்டும்.”

கல்யாணமாகி வந்த பிறகு அவள் கணவரின் அண்ணனிடம் இப்படிப் பேசியது இதுதான் முதல் தடவை. அவர் நிமிர்ந்து பார்த்தார். தம்பியின் கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்கள் பெரிதாகத் தெரிந்தன. கீழே பர் துபாய் கடைத்தெருவில் ஒரு லாரி பின்பக்கமாக நகரும் சத்தம் கேட்டது. பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையனைப்போல வாசித்தார்.

“‘ஷியாமளா இன்றும் சம்மதிக்கவில்லை. அம்மாவின் கண்ணுக்காக ஊருக்குப் போகவேண்டும் என்கிறாள். மறுபடி கேட்கவேண்டும்.’”

அதற்கும் ஓர் எண் போட்டிருந்தது. பதினேழு. பக்கத்தில் முடிந்ததற்கான குறியும் இருந்தது.

நாகலிங்கம் நோட்டை மூடினார். “பின்னே எனக்கு எதுக்கு அப்படி எழுதினான்?”

“நாப்பது வயசுல உங்களுக்குப் பயந்துதான்.” ஷியாமளா நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். “ஆசைப்பட்டாக. அது தப்பில்ல. நான் அதுக்குக் கோவப்படல. என் பேரப் போட்டு எழுதினாகள்லா. ஊருக்கு வந்து உங்க முகத்துல முழிக்கப் போறவ நான். அதுகூட அவுகளுக்குத் தோணல.”

ரஹீமா பீவி தேநீரை வைத்துவிட்டுப் போனாள். அது ஏடு கட்டி ஆறியது. பாஸ்கர் கடிகாரத்தைப் பார்த்து, போகலாமா சார் என்று கேட்டபோது நாகலிங்கம் சட்டென்று எழுந்தார். கண்ணாடியைக் கழற்றி அதன் கூட்டில் வைத்தார். புகைப்படத்தைக் கையில் எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல், படம் கீழே இருக்கும்படி மேசைமேல் வைத்தார்.

அவர்கள் போன பிறகு ஷியாமளா அந்தப் படத்தைத் திருப்பினாள். தான் எதற்குச் சிரித்தோம் என்பது நினைவிருந்தது. முந்தின இரவு அவர் தண்ணீர் சுடவைக்கும் கம்பியைச் சுவர்ப்பிளக்கில் செருகியதில் விடுதியின் மூன்று மாடியும் இருண்டுவிட்டது. கிழவி ஒருத்தி மெழுகுவர்த்தியோடு வந்து அவள் மொழியில் திட்டினாள். இவர் பதற்றத்தில் ஆங்கிலம் மறந்து, “மன்னிச்சிருங்கம்மா, தெரியாமப் பண்ணிட்டேன்” என்று தமிழிலேயே திரும்பத் திரும்பச் சொன்னார். கிழவிக்கே சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் அந்தப் படிகளில் கேமராவைச் சரிசெய்துகொண்டே அவர் அந்தக் கிழவியைப்போலப் பேசிக் காட்டினார். பதினொரு வருடமாக ஸ்டோரில் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிற மனிதர் அப்படி நடித்து அவள் பார்த்ததே இல்லை. செருப்புக் கடித்த அவள் காலைப் பார்த்துவிட்டு, அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பட்டப்பகலில் அந்நியத் தெருவில் நடந்தார். மத்தியானம் மலைக்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்து, மண் சட்டித் தயிரில் அவலைக் கொட்டிப் பிசைந்தார்கள். அவ்வளவு கெட்டித் தயிரை அவள் எங்கும் கண்டதில்லை. அவர் சாப்பிடாமல் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். ஊறிப்போகுது, சாப்பிடுங்க என்று அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது.

திரும்பி வந்த பிறகு வெள்ளிக்கிழமைக் காலைகளில் இட்லி வேண்டாம் என்றார். அவலும் தயிரும்தான். ஏன் என்று அவளும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. நாளைக்கு என்று முந்தாநாள்தான் மீனா பஜாரிலிருந்து அவல் வாங்கிவந்து டின்னில் கொட்டியிருந்தார்.

அந்த மனிதரா அந்தக் கடிதத்தை எழுதினார்? திரும்பி வந்து எத்தனை நாளில் எழுதியிருப்பார்? ஒரு வெள்ளிக்கிழமை அவலைத் தின்றுவிட்டு அதே மேசையில் உட்கார்ந்து எழுதியிருப்பாரா? அவள் அப்போது உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்திருப்பாள். கேட்க ஆளில்லை. அதுதான் பொறுக்க முடியவில்லை. சண்டை போட ஒரு நாள், ஒரு மணி நேரம்கூட இல்லாமல் போய்விட்டார்.

இரண்டு மணிக்கு நாகலிங்கம் திரும்பி வந்தார். பாஸ்போர்ட்டின் மேல்மூலையைக் கத்தரித்திருந்தார்கள். எல்லாப் பக்கங்களுக்கும் குறுக்கே ரத்து முத்திரை விழுந்திருந்தது. கிரீஸ் என்று எழுதிய பக்கத்திலும். அதை அவளிடம் கொடுத்துவிட்டு, இங்கேயே மயானத்தில் விறகுக்குச் சொல்லியாகிவிட்டது, கோயில் பக்கத்திலிருந்து சடங்கு தெரிந்த பெரியவர் ஒருவர் வருகிறார், பெண்கள் மயானத்துக்கு வரவேண்டாம், ஆஸ்பத்திரியிலேயே வாய்க்கரிசி போட்டுவிடலாம் என்று சொன்னார். எல்லாவற்றையும் தரையைப் பார்த்துச் சொன்னார். பச்சரிசி வீட்டில் இருக்கிறதா என்று கேட்டார்.

ஷியாமளா சமையலறைக்குப் போனாள். பச்சரிசி இருந்தது. அதற்குப் பக்கத்தில் அவல் டின்னும் இருந்தது. இரண்டையும் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

டாக்ஸியில் நாகலிங்கம் முன்னால் உட்கார்ந்தார். பின்னால் அவளும் ரஹீமா பீவியும். செப்டம்பர் வெயிலில் கடற்கழி ஈயத்தகடுபோல் கிடந்தது. பாலத்தைத் தாண்டினார்கள்.

“அம்மைகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்” என்றார் அவர், திரும்பாமல்.

“என்னன்னு?”

அவர் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“‘அவன் ஆசைப்பட்டான், போனான்’னு சொல்லுங்க. அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம். அதுக்குக் கீழயும் வேண்டாம்.”

அவர் தலையை ஆட்டினார். மெதுவாக, தெரியும்படி ஆட்டினார். வண்டி ஆஸ்பத்திரித் தெருவுக்குள் திரும்பியபோது, “அங்க என்னதான் பாத்தான்?” என்று கேட்டார்.

ஷியாமளா ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

“தூணு” என்றாள். “நாலு நாளும் அதையேதான் பாத்தாக.”

ஆஸ்பத்திரியின் பின்முற்றத்தில், தகரக் கூரைக்குக் கீழே அவரைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஸ்டோரில் கூட வேலை பார்த்த ஏழெட்டுப் பேர், மதிய ஷிப்டை விட்டுவிட்டு, சீருடையோடு நின்றார்கள். வேன் டிரைவர் எஞ்சினை நிறுத்தாமல் உட்கார்ந்திருந்தார். பெரியவர் துணியை விலக்கினார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஏதோ கேட்டால் சும்மா சொன்னேன் என்று சொல்லப்போகிற முகம்.

அரிசி எங்கே என்று பெரியவர் கேட்டார். ஷியாமளா பையிலிருந்து டின்னை எடுத்து மூடியைத் திறந்தாள்.

“இது அவலாச்சேம்மா” என்றார் அவர். தவறுதலாக எடுத்து வந்துவிட்டாள் என்று நினைத்து மெதுவாகத்தான் சொன்னார். “பச்சரிசிதான் போடணும். பக்கத்துக் கடையில யாரையாவது வாங்கிட்டு வரச் சொல்லலாம்.”

ஷியாமளா டின்னை மூடவில்லை. பெரியவர் நாகலிங்கத்தைப் பார்த்தார்.

நாகலிங்கம் டின்னுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

“போடட்டும்” என்றார்.

அவள் ஒரு கை அள்ளினாள். குனிந்து அவர் வாயருகே கொண்டுபோனாள். ஒரு கணம் கையை அப்படியே வைத்திருந்தாள். கேட்க வேண்டியதைக் கேட்பாள் என்பதுபோல் அவள் உதடு பிரிந்தது. ரஹீமா பீவி அவள் தோளைத் தொட்டாள். ஷியாமளா விரல்களைத் திறந்தாள். அவல் அரிசியைப்போல உருளவில்லை. விழுந்த இடத்திலேயே, உதட்டிலும் மோவாயிலும் சருகுபோல் நின்றது.

நாகலிங்கம் பக்கத்தில் வந்து உள்ளங்கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். கொட்டவில்லை. டின்னை ஸ்ட்ரெச்சரின் விளிம்பில் வைத்துவிட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். அவரே எடுத்துப் போட்டார். பிறகு பாஸ்கர் வந்தான். பிறகு சீருடைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள்.

வேன் கதவு சாத்தப்பட்டது. ஆண்கள் இரண்டு வண்டிகளில் ஏறினார்கள். புழுதி அடங்கும் வரை அவள் வாசலிலேயே நின்றாள். ரஹீமா பீவி டாக்ஸியை நிறுத்தி வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். ஷியாமளா ஏறி உட்கார்ந்து, காலி டின்னை மடியில் வைத்தாள். பாலம் வந்தபோதுதான் வலது கையை இறுக மூடி வைத்திருப்பது தெரிந்தது. திறந்து பார்த்தாள். உள்ளங்கைக் கோட்டில் இரண்டு அவல் ஒட்டிக்கொண்டிருந்தன. வியர்வையில் ஊறி மெத்தென்று ஆகியிருந்தன.